கையை விரித்த பிறகு...

“டாக்டர் கையை விரிச்சுட்டாங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க.”

அரசு மருத்துவமனை வராண்டாவிலும், தனியார் மருத்துவமனையின் பில்லிங் கவுன்டர் ஓரத்திலும் தினமும் யாரோ ஒருவர் போனில் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அடுத்து என்ன செய்வது என்று மறுமுனையில் இருப்பவருக்குத் தெரியும். சொந்தபந்தங்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். கட்டிலைக் கூடத்தில் இழுத்துப் போட வேண்டும். பெங்களூரில் இருக்கும் பையனை டிக்கெட் போடச் சொல்ல வேண்டும். சாவுக்கான ஏற்பாடுகள் நமக்கு அத்துப்படி.

ஆனால், அந்த மனிதர் இன்னும் சாகவில்லை. மூன்று நாளோ, மூன்று வாரமோ, மூன்று மாதமோ இருக்கப்போகிறார். அதுவரை அவருக்கு வலிக்கும், மூச்சு முட்டும், தூக்கம் வராது, பயமாக இருக்கும். அதற்கு என்ன ஏற்பாடு?

ஏற்பாடு இருக்கிறது. அதற்கென்றே ஒரு மருத்துவத்துறை இருக்கிறது. பாலியேட்டிவ் கேர் என்கிறார்கள். தமிழில் வலி நிவாரண ஆதரவு சிகிச்சை. உலகம் முழுக்க ஆண்டுதோறும் 5.68 கோடிப் பேருக்கு இது தேவைப்படுகிறது, அவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மீதிப் பேர் கையை விரித்த இடத்திலேயே நிற்கிறார்கள்.

500 பவுண்டு ஜன்னல்

இந்தத் துறையைத் தொடங்கிவைத்தவர் சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. முதலில் நர்ஸ். முதுகுவலியால் அந்த வேலையை விட்டு மருத்துவமனைச் சமூகப் பணியாளர் ஆனார். லண்டனில் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த டேவிட் டாஸ்மா என்ற போலந்து யூத அகதியை அப்படித்தான் சந்தித்தார். டாஸ்மா ஓட்டலில் பரிமாறுபவராக இருந்தவர். அந்த ஊரில் அவருக்கு உற்றார் உறவினர் கிடையாது. சாகிறவர்களுக்கு ஓர் இடம் இருந்தால் எப்படி இருக்க வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். 1948-ல் இறந்த டாஸ்மா, அந்த வீட்டுக்கு ஒரு ஜன்னல் வைக்கட்டும் என்று 500 பவுண்டை சாண்டர்ஸுக்கு விட்டுச்சென்றார். வீடே இல்லாதபோது ஜன்னலுக்குப் பணம்!

மருத்துவராக இருந்தால்தான் உன் பேச்சு எடுபடும் என்று யாரோ சொல்ல, முப்பது வயதைக் கடந்தபிறகு மருத்துவம் படித்தார் சாண்டர்ஸ். 1967-ல் லண்டன் சிடன்ஹாமில், சாகிறவர்களுக்கான அந்த இடம் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் என்ற பெயரில் திறக்கப்பட்டது. 2005-ல் அவர் உயிர் பிரிந்ததும் அங்கேதான்.

அவர் வலியுறுத்தியவை இரண்டு. இரண்டுமே கேட்டால் ‘இது தெரியாதா’ என்று தோன்றும். வலி வந்து நோயாளி கத்தியபிறகு மருந்து கொடுக்காதே. வலி வருவதற்கு முன்பே மணிக்கணக்கு வைத்துக் கொடு என்பது ஒன்று. வலியை உடம்பில் மட்டும் தேடாதே என்பது இன்னொன்று.

இரண்டாவதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். கல்லீரலில் கட்டி உள்ள ஒருவர் ராத்திரி முழுக்க முனகுகிறார். மாத்திரையைக் கூட்டியும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு செவிலியர் அரைமணி நேரம் பேச்சுக் கொடுத்தால், சின்ன மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பது வரும். சிகிச்சைக்காக வீட்டுப் பத்திரம் அடமானத்தில் இருப்பது வரும். வாய்க்கால் தகராறில் பேச்சுவார்த்தை அறுந்துபோன தம்பி, இத்தனை நடந்தும் வந்து எட்டிப்பார்க்கவில்லை என்பது கடைசியில் வரும். தம்பி வந்து கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த ராத்திரியில் அதே மாத்திரை வேலை செய்யும். இதை மாயமந்திரம் என்று நினைக்க வேண்டாம். பயமும் மனக்கசப்பும் வலியைக் கூட்டும். மனசு அடங்கினால் உடம்பும் கொஞ்சம் அடங்கும்.

அபினி விளையும் நாட்டில்

கடும் புற்றுநோய் வலிக்கு மார்ஃபின்தான் கைகண்ட மருந்து. விலை குறைவு. வாய்வழி மாத்திரையாகவே கொடுக்கலாம். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கக் கிறக்கம் இருக்கும், குமட்டலாம்; பிறகு தணிந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் தணியாது. அதனால் மார்ஃபின் எழுதும்போதே மலமிளக்கியும் சேர்த்து எழுத வேண்டும். எழுதாத மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

“அது போதை மருந்தாச்சே, பழகிடுமே?” இந்தக் கேள்வி வராத வீடு இல்லை. வலிக்காக, அளவு பார்த்து, மருத்துவர் கண்காணிப்பில் எடுத்துக்கொள்பவர் அடிமையாவது அரிது. சில வாரங்களே இருக்கப்போகிறவர் அடிமையாகிவிடுவாரோ என்று கவலைப்பட்டு அவரை வலியில் துடிக்கவிடுவது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமத்தோடு அபினி பயிராகிறது. நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசு அபினித் தொழிற்சாலைகள் இருக்கின்றன. நம் அபினி வெளிநாட்டு மருந்து நிறுவனங்களுக்கும் போகிறது. ஆனால், போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-ல் வந்தபோது, கணக்கில் ஒரு பிசகு என்றாலும் குறைந்தது பத்தாண்டு சிறை என்ற அச்சத்தில் மருத்துவமனைகளும் மருந்துக்கடைகளும் மார்ஃபினைக் கைகழுவின. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு சுமார் 97 சதவீதம் சரிந்தது. அந்தக் காலகட்டத்தில் புற்றுநோயில் இறந்தவர்கள் எப்படி இறந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். போராடிப் போராடி 2014-ல்தான் சட்டம் திருத்தப்பட்டது. பல உரிமங்கள் தேவைப்பட்ட இடத்தில், மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அங்கீகாரம் போதும் என்றானது. சட்டம் மாறி இத்தனை ஆண்டுகள் ஆகியும் அச்சம் மட்டும் மாறவில்லை. சாதாரண மெடிக்கல் ஷாப்பில் இன்றும் மார்ஃபின் கிடைக்காது. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையைத் தேடித்தான் போக வேண்டும்.

மார்ஃபினைவிட மலிவான சங்கதி ஒன்று. வாய்ப் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய் முற்றும்போது புண் வெடித்து நாற்றம் எடுக்கும். அறைக்குள் வருகிறவர்கள் தம்மை அறியாமல் மூக்கைச் சுளிப்பார்கள். பேரக்குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள். தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். படுத்திருப்பவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். புண்ணைவிட அந்த மூக்குச் சுளிப்புதான் அவரைக் கொல்லும். வயிற்றுப்போக்குக்கு நாம் எல்லோரும் விழுங்கியிருக்கும் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடியாக்கி, புண்ணைச் சுத்தம் செய்தபின் அதன் மேல் தூவிக் கட்டினால் நாற்றத்தைக் கிளப்பும் கிருமிகள் அடங்குகின்றன. சில நாட்களில் வாடை பெரும்பாலும் குறையும். சில ரூபாய் மாத்திரை. பேரப்பிள்ளை மறுபடி கட்டிலில் ஏறி உட்காரும். செவிலியர்கள் வீட்டுக்கே வந்து இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ‘செய்ய ஒன்றும் இல்லை’ என்று சொன்ன இடத்தில் செய்யப்படும் வேலைகளில் இதுவும் ஒன்று.

‘அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க’

மருத்துவர் அறைக்குள் முதலில் மகன் நுழைவார். “சார், அப்பாவுக்குத் தெரிய வேணாம். தாங்க மாட்டார். அல்சர்னு சொல்லிவச்சிருக்கோம்.” பின்னாலேயே அப்பா வருவார். சில நாள் கழித்து, மகன் மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து அப்பா மருத்துவரிடம் கேட்பார்: “சார், எனக்கு என்னன்னு எனக்குத் தெரியும். பசங்ககிட்ட சொல்லிடாதீங்க. ஒடைஞ்சு போயிடுவாங்க.” ஆதரவு சிகிச்சை மருத்துவர்கள் யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு நாடகத்தைச் சொல்வார்கள். கீமோ வார்டில் படுத்திருப்பவருக்கு அது எந்த வார்டு என்று தெரியாதா?

அன்பினால்தான் மறைக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால், அதன் விலையை நோயாளி கொடுக்கிறார். பயமாக இருக்கிறது என்று சொல்ல அவருக்கு ஆள் இல்லாமல் போகிறது. வாய் திறந்தாலே, “அதெல்லாம் ஒண்ணுமில்ல, தைரியமா இருங்க” என்று அடைத்துவிடுகிறார்கள். பேங்க் கணக்கு, நிலப் பத்திரம், யாருக்கு என்ன என்பதை எல்லாம் சொல்லிவிட்டுப் போக நினைப்பவருக்கு அந்த வாய்ப்பும் போகிறது.

எல்லோரிடமும் எல்லாவற்றையும் போட்டு உடைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள விரும்பாதவர்களும் இருக்கிறார்கள். அது அவர்கள் உரிமை. நல்ல மருத்துவர்கள் கேள்வியில் தொடங்குகிறார்கள்: “உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?” “எல்லாத்தையும் உங்ககிட்டயே சொல்லட்டுமா, பையன்கிட்ட சொன்னா போதுமா?” நோயாளி எந்த அளவுக்குக் கதவைத் திறக்கிறாரோ அந்த அளவுக்கு உள்ளே போகிறார்கள்.

இந்தப் பேச்சு வந்தாலே எலிசபெத் கூப்ளர்-ராஸ் பெயரும் வந்துவிடும். சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மனநல மருத்துவர். சிகாகோவில் இறக்கும் நிலையில் இருந்த நோயாளிகளிடமே நேரில் பேசி, 1969-ல் ‘ஆன் டெத் அண்ட் டையிங்’ என்ற புத்தகத்தை எழுதினார். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற ஐந்து நிலைகள் அதிலிருந்து வந்தவைதான். பேரம் என்றால் என்னவென்று நமக்கு விளக்க வேண்டியதில்லை. சமயபுரத்திலும் வேளாங்கண்ணியிலும் பழனியிலும் நேர்ந்துகொள்பவர்களைப் பார்த்தால் போதும். ஆனால், ஐந்தையும் படிக்கட்டு போல வரிசையாக ஏறித்தான் ஆக வேண்டும் என்று பிற்காலத்தில் பலர் புரிந்துகொண்டார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. காலையில் “என் காரியத்துக்கு வாழை இலைதான் போடணும்” என்று சொன்னவர், சாயங்காலம் “அடுத்த மாசம் ஊருக்குப் போய் மோட்டாரை மாத்தணும்” என்பார். இரண்டும் உண்மை. கூட இருப்பவர்கள் இரண்டுக்கும் தலையாட்டலாம். “அப்போ ஏத்துக்கிட்டீங்களே, இப்ப என்ன?” என்று கேட்க வேண்டியதில்லை. கூப்ளர்-ராஸ் செய்த பெரிய காரியம் அந்தப் பட்டியலைவிட, சாகிறவரிடம் போய் உட்கார்ந்து அவரையே கேட்டதுதான் என்பேன்.

கடைசி நாட்கள்

சாப்பாட்டை நிறுத்துவதுதான் குடும்பத்தை முதலில் உலுக்கும். “ரெண்டு வாயாவது சாப்பிடுங்க” என்று கெஞ்சுவார்கள், அதட்டுவார்கள், மூக்கைப் பிடித்துக்கூடக் கஞ்சி ஊற்றுவார்கள். உடம்பு ஒவ்வொரு வேலையாக நிறுத்திக்கொண்டு வரும்போது பசியும் அடங்கிவிடுகிறது. சாப்பிடாததால் அவர் சாகவில்லை; சாவு நெருங்குவதால் சாப்பிடவில்லை. குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வரும் என்று அக்கம்பக்கத்தில் ஆள் பிடித்து பாட்டில் மாட்டுவார்கள். இதயமும் சிறுநீரகமும் தளர்ந்த உடம்பில் அந்த நீர் கை காலில் வீக்கமாகவும் நுரையீரலில் சளியாகவும் தங்கி, மூச்சுத்திணறலைத்தான் கூட்டும். அதற்குப் பதில், சுத்தமான துணியை நனைத்து உதட்டையும் நாக்கையும் ஈரப்படுத்துங்கள். வாய் வறண்டு போவதுதான் அப்போது பெரிய துன்பம்.

பால் ஊற்றுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இழுத்துக்கொண்டிருக்கும் உயிருக்குப் பெற்ற பிள்ளைகள் வரிசையாக வந்து பால் ஊற்றுவது நம் வழக்கம். மண் ஆசை என்று மண்ணையும், பொன் ஆசை என்று காசையும் உரசிக் கலக்கிக் கொடுப்பார்கள். விழுங்கும் சக்தி போனவரின் தொண்டையில் அரை டம்ளர் பால் போனால் அது நுரையீரலுக்குப் போகும். இருமக்கூடத் தெம்பில்லாமல் திணறுவார். அந்தச் சடங்கின் அருமை எனக்குப் புரிகிறது. கடைசியாக ஒவ்வொருவரும் அருகில் வந்து தொட ஒரு முறை வைத்திருக்கிறார்கள். அதைக் கைவிடச் சொல்ல மாட்டேன். விரல் நுனியைப் பாலில் தொட்டு உதட்டில் ஒற்றினால் போதும். சடங்கும் நிறைவேறும், மனிதரும் திணறமாட்டார்.

தொண்டையில் ‘கரகர’ சத்தம் வரும். கேட்பவர்களுக்கு ஈரக்குலை நடுங்கும். தேங்கிய எச்சிலை விழுங்க முடியாததால் வரும் சத்தம் அது. நினைவு மங்கியிருக்கும் அவருக்கு அது பெரும்பாலும் துன்பம் தருவதில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும். மூச்சு வேகமாக வாங்கி, சில நொடி நின்று, மறுபடி வரும். கால் சில்லிட்டு, தோலில் திட்டுத் திட்டாக நிறம் மாறும். இவற்றை முன்கூட்டியே யாராவது சொல்லிவைத்திருந்தால், நள்ளிரவில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு மறுபடி ஐசியூவுக்கு ஓடுவது நடக்காது.

“அம்மா வந்திருக்கா பாரு” என்று சாவை நெருங்கியவர், முப்பது வருஷத்துக்கு முன் இறந்தவரைச் சுட்டிக்காட்டுவார். அமெரிக்காவில் பஃபலோ நகர ஹாஸ்பிஸ் ஒன்றில் 59 நோயாளிகளிடம் தினமும் கேட்டுப் பதிவுசெய்த ஆய்வில், பெரும்பாலானவர்கள் இப்படிக் கனவோ காட்சியோ கண்டதாகச் சொன்னார்கள். இறந்துபோன உறவினர்களைக் கண்டவர்களுக்கு அது அதிக ஆறுதலாக இருந்தது. நம் பாட்டிகளுக்கு இது செய்தியே இல்லை. அவரோடு வாதாட வேண்டாம். காட்சி அவரை மிரட்டினால் மட்டும் செவிலியரிடம் சொல்லுங்கள், மருந்து இருக்கிறது.

எண்ணெய்க் குளியலும் ஐசியூவும்

தலைக்கூத்தல் பற்றிப் பேசாமல் தமிழ்நாட்டில் இந்தக் கட்டுரை முழுமையாகாது. தென்மாவட்டங்களின் சில பகுதிகளில், படுக்கையில் விழுந்த முதியவருக்கு விடிகாலையில் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளிரவைத்து, இளநீர் கொடுத்துக் கதையை முடித்துவிடும் வழக்கம். ‘பாரம்’, ‘கே.டி. (எ) கருப்புதுரை’, ‘தலைக்கூத்தல்’ என்று அடுத்தடுத்து மூன்று படங்கள் இதைச் சொல்லிவிட்டன. சட்டப்படி இது கொலை. அதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. ஆனால், தினக்கூலிக்குப் போகும் மகனும் மருமகளும் மட்டும் உள்ள வீட்டில், படுக்கைப்புண்ணோடு மலஜலம் போகும் பெரியவரை யார் பார்ப்பது என்ற கேள்விக்குச் சமூகம் பதில் வைத்திருக்கிறதா? வாரம் ஒருமுறை புண்ணைக் கட்ட ஆள் வந்தால், டயப்பரும் தண்ணீர்ப் படுக்கையும் கிடைத்தால், அந்த எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கும் கைகளில் எத்தனை எடுக்காமலே இருந்திருக்கும்?

வசதியுள்ள வீடுகளில் இதற்கு நேர் எதிர். குணமாக வாய்ப்பில்லை என்று தெரிந்தபிறகும் வென்டிலேட்டர், டயாலிசிஸ். ‘பணத்துக்குப் பார்த்து விட்டுட்டான்னு ஊர் பேசும்’ என்ற பயம். உறவினர்கள் கண்ணாடிக்கு வெளியே, நோயாளி குழாய்களுக்கு நடுவே. நகை விற்று, நிலம் விற்று, கடைசியில் பணம் தீர்ந்த நாளில் மூச்சுப் பையை அமுக்கிக்கொண்டே வீடு வரை ஆம்புலன்சில் வருகிறார்கள்.

தீவிர சிகிச்சையைக் குறைத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்பதும் எப்போதும் உண்மையில்லை. பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில், முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடத்திய ஆய்வு 2010-ல் வெளியானது. தொடக்கத்திலிருந்தே ஆதரவு சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. கடைசிக் கட்டத்தில் தீவிர சிகிச்சையைக் குறைவாகவே பெற்றார்கள். அப்படியும் மற்றவர்கள் சராசரியாக 8.9 மாதம் வாழ, இவர்கள் 11.6 மாதம் வாழ்ந்தார்கள்.

எனக்கு வென்டிலேட்டர் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தது. மாஜிஸ்ட்ரேட் முன்னிலையில் கையெழுத்து என்ற நடைமுறையை 2023 ஜனவரியில் எளிதாக்கியது. இப்போது இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்றொப்பம் போதும். நமக்காக முடிவெடுக்க வேண்டியவர்களின் பெயரையும் அதில் எழுத வேண்டும். எழுதியிருந்தாலும் மருத்துவர் குழுக்கள் இரண்டு பார்த்துத்தான் முடிவு செய்யும். வயதானவர்களுக்கு மட்டுமான வேலை என்று ஒதுக்காதீர்கள். பைக் ஓட்டுகிற வயதிலும் ஐசியூ இருக்கிறது.

இருப்பவர்கள்

படுத்தவரைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள். உயிர் பிரிந்ததும் அவர்களுக்கு முதலில் வருவது சில சமயம் நிம்மதி. ‘அப்பாடா’ என்று நினைத்துவிட்டேனே என்ற குற்ற உணர்ச்சி அடுத்த நிமிடமே வரும். அந்த நிம்மதி எல்லோருக்கும் வருவதுதான். அன்பு குறைந்ததற்கான அடையாளம் இல்லை.

ஒப்பாரியும், பக்கத்து வீட்டுச் சாப்பாடும், பதினாறாம் நாள் வரை வீடு நிறைய ஆட்களும் துக்கத்தை இறக்கிவைக்க நாம் கண்ட வழிகள். ஃப்ரீசர் பாக்ஸ் வந்த காலத்தில் எல்லாவற்றையும் ஓரிரு நாளில் முடித்துவிட்டு லேப்டாப்பைத் திறக்கிறோம். அதே சடங்குகளுக்குள் கணவனை இழந்தவளை நடுவில் உட்காரவைத்து வளையலை உடைக்கும் கொடுமையும் இருக்கிறது. அது ஒழிந்தால் ஒரு நஷ்டமும் இல்லை. ஓர் ஆண்டு கழித்தும் அன்றாட வேலை பார்க்க முடியாத அளவுக்குத் துக்கம் அழுத்தினால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். குழந்தைகளிடம் ‘தாத்தா ஊருக்குப் போயிருக்கார்’ என்று சொல்லாதீர்கள். திரும்பி வருவார் என்று காத்திருக்கும். செத்துப்போய்விட்டார், இனி வரமாட்டார், உன் தப்பு ஒன்றுமில்லை என்று மடியில் வைத்துச் சொல்லுங்கள்.

கேரளம் ஆதரவு சிகிச்சையை ஊர் வேலையாக மாற்றியது. 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் போன்றவர்கள் சிறிய அளவில் தொடங்கினார்கள். பிறகு ஆட்டோ ஓட்டுநர், ஆசிரியர், கல்லூரி மாணவர் என்று அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்று நோயாளி வீடுகளுக்குப் போகத் தொடங்கினார்கள். 2008-ல் மாநில அரசே கொள்கை அறிவித்து, பஞ்சாயத்துகளிடம் பொறுப்பைக் கொடுத்தது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளோடு ஆதரவு சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. வட்டாரத்துக்கு ஒரு ஆதரவு சிகிச்சை செவிலியர். 2011 கணக்கெடுப்பின்படி கிராமப்புறத் தமிழகத்தில் ஏறக்குறைய 3.7 கோடிப் பேர். வட்டாரங்கள், அதாவது ஊராட்சி ஒன்றியங்கள், 385-க்கு மேல். சராசரியாக ஒரு செவிலியருக்கு ஒரு லட்சம் பேர் என்று கணக்கு வருகிறது. அரசு இதைக் கூட்டியே ஆக வேண்டும். கேரளத்தைப் போல ஊர்க்காரர்களும் கை கொடுத்தால்தான் அந்த ஒருவரால் தாக்குப்பிடிக்க முடியும்.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ‘மக்களைத் தேடி மருத்துவ’த்தின் ஆதரவு சிகிச்சை செவிலியர் எப்போது வருவார் என்று கேளுங்கள். 104-க்கு அழைத்தும் விசாரிக்கலாம். மருத்துவர் கையை விரித்தால் எழுந்து வந்துவிடாதீர்கள். உட்கார்ந்தபடியே கேளுங்கள்: “சரி சார். வலிக்கு என்ன செய்வீங்க? மார்ஃபின் எங்கே கிடைக்கும்? ராத்திரி மூச்சு முட்டினா நான் யாருக்குப் போன் பண்ணணும்?” பதில் வாங்காமல் அந்த அறையை விட்டு வெளியே வராதீர்கள்.